மேலக்கரைக்கு வைத்த கேமரா

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு மைக் செட் கடை போட்டேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் போவேன். மற்ற கடைக்காரர்கள் குழாயைக் கட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். எனக்கு அது முடியாது. மைக் கண்ணில் பட்டால் கை தானாகப் போய்விடும். காணாமல் போன குழந்தையைப் பற்றி ஒரு வரி அறிவிக்கச் சொன்னால், பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவேன். அதற்குள் குழந்தையே தாயைக் கண்டுபிடித்துவிடும். வீட்டில் மைக் இல்லாததால்தான் என்னோடு குடும்பம் நடத்த முடிகிறது என்று என் மனைவி சொல்லுவாள்.

என் சொந்த ஊர் மேலூரிலிருந்து கொட்டாம்பட்டி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே அம்மன் கோயிலுக்கு ஒரு தெப்பக்குளம். குளத்துக்கு நான்கு கரை, கரைக்கு ஓர் ஊர். தெப்பத்தன்று காலையில் பீப்பாய்களின் மேல் மரச்சட்டம் அடித்து, மேலே தேர் மாதிரி அலங்காரம் செய்து, அம்மனை ஏற்றுவார்கள். தெப்பத்தில் கட்டிய வடத்தை ஒவ்வொரு கரைக்காரர்களும் தங்கள் பக்கம் வரும்போது வாங்கி இழுத்து, மூலை திரும்பியதும் அடுத்த கரைக்குக் கொடுக்க வேண்டும். இப்படி மூன்று சுற்று.

கீழக்கரை எங்கள் ஊருடையது. படித்துறையும் பந்தலும் அங்கேதான். எட்டுக் குழாய்களை நாலு கரைக்கும் பார்த்தபடி கட்டிவிட்டு, படித்துறையில் நின்று "வடத்தைத் தளர்த்து", "இழு", "நிறுத்து" என்று சொல்வது என் வேலை. குளத்தின் நடுவில் ஒரு கல் மண்டபம் உண்டு. தெப்பம் அதற்குப் பின்னால் மேலக்கரைப் பக்கம் போய்விட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வடமேற்கு மூலையில் ஒருவர் சிவப்புத் துண்டை ஆட்டுவார். அதை வைத்து நான் ஏதோ கண்ணால் பார்க்கிற மாதிரி அறிவிப்பேன். தெப்பத்தை எத்தனை பேர் இழுத்தாலும் அதை ஓட்டுவது நான்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே மீறக்கூடாத ஒரு கட்டுப்பாடு உண்டு. அம்மன் வடத்தால் மட்டும்தான் வர வேண்டும். தெப்பம் மிதக்கும்போது யாரும் குளத்தில் கால் வைக்கக்கூடாது, தெப்பத்தைக் கையால் தொடக்கூடாது. எந்தக் கரைக்காரன் மீறினானோ அந்தக் கரைக்கு வடம் பிடிக்கும் உரிமை போய்விடும். ஓர் ஊருக்கு வடம் பறிபோவதென்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

மேலக்கரை என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே வடத்துக்கு முன்னால் நிற்பவர் என் தங்கை வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை. அதிகம் பேசமாட்டார். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார். அவருக்கு நான் சொல்வது புரியவில்லையோ என்று நினைத்து, இன்னும் பத்து வார்த்தை பேசுவேன்.

நடந்தது இதுதான். ஒரு வருஷம் இரண்டாவது சுற்றில் தெப்பம் மண்டபத்துக்குப் பின்னால் போனது, வரவில்லை. துண்டுக்காரர் துண்டை ஆட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெயில் ஏறுகிறது. ஜனங்கள் என்னைப் பார்க்கிறார்கள். ஜனங்கள் என்னைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "மேலக்கரைக்காரங்களே, முழிச்சிருக்கீகளா? சோறு திங்காம வந்துட்டீகளா? எங்க மாப்ள முன்னாடி நின்னு இழுத்தா அம்மன் அடுத்த வருசந்தான் இங்கிட்டு வரும் போல!" என்றேன்.

கீழக்கரை மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அதனால் இன்னொரு தடவையும் சொன்னேன். எட்டுக் குழாயும் நன்றாக வேலை செய்தன. சிறிது நேரம் கழித்துத் தெப்பம் வந்தது. மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. அன்று மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அவர் வராமல் போனதோடு பேச்சு நின்றது.

இரண்டு வருஷம் ஆயிற்று. இடையில் தங்கை எங்கள் வீட்டுக்கு ஒரு சாவுக்கும் ஒரு கருமாதிக்கும் மட்டும் வந்தாள். அவளுடைய மகளுக்கு நாலு வயது முடியப்போகிறது, காது குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியில்தான் அந்தப் பிள்ளை உட்கார வேண்டும். பட்டுப்பாவாடையும் தோடும் வாங்கி பீரோவில் வைத்திருந்தேன். பாவாடை சிறிதாகிப் போய், இரண்டாவதாக வேறொன்று வாங்கினேன். அந்த வருஷம் தெப்பத்துக்கு ஒரு மாதம் முன்னால் தங்கையிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. தெப்பம் முடிந்த வெள்ளிக்கிழமை காதுகுத்து. "அண்ணே, ஒன்னுவிட்ட அண்ணன் மடியில உக்கார வச்சுக்கிறலாம்னு அவுக சொல்றாக. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுண்ணே" என்று எழுதியிருந்தாள்.

நல்ல மனிதன் என்றால் அன்றைக்கே மேலூர் பஸ்ஸில் ஏறியிருப்பான். நான் என்ன செய்தேன் என்றால், அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேமரா தேடப் போனேன்.

கல்யாண வீடியோ அப்போதுதான் மதுரைக்குள் வந்திருந்தது. காமராசர் சாலைப் பக்கம் ஒரு சௌராஷ்டிர நண்பர் கேமரா வாங்கி, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடிக்கொண்டிருந்தார். அவர் எடுக்கும்போது கேமராவிலிருந்து ஒரு கேபிள் இழுத்து டிவியில் செருகினால், மணவறையில் நடப்பது அந்த நிமிஷமே சாப்பாட்டுப் பந்தியில் தெரியும். அதைப் பார்த்ததிலிருந்து என் மண்டைக்குள் ஒரு திட்டம். கேமராவை மேலக்கரையில் வைக்க வேண்டும். கேபிளைக் குளத்தைச் சுற்றி இழுத்து டிவியைக் கீழக்கரைப் பந்தலில் வைக்க வேண்டும். மண்டபத்துக்குப் பின்னால் தெப்பம் எப்படி நிற்கிறது, படியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, வடத்தைப் பிடித்தவர்கள் இழுக்கிறார்களா வெற்றிலை போடுகிறார்களா, எல்லாம் ஊர் முன்னால் தெரிந்துவிடும். மேலக்கரை சோம்பேறிகள் என்று அன்றைக்கு நான் சொன்னது சரி என்று ஆகும். மாப்பிள்ளை தலையைக் குனிவார். நான் பெரிய மனது பண்ணி அவரை மைக்கிலேயே மன்னிப்பேன். மன்னிக்கும்போது பேச வேண்டியதைக்கூட ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லித் தீர வேண்டிய விஷயத்துக்குக் கேபிள் இழுக்கப் புறப்பட்ட ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஊரில் அம்பலகாரர் சொன்னால்தான் எதுவும் நடக்கும். அம்பலகாரர் என்றால் நாலு ஊருக்கும் தலைவர். போய் விளக்கினேன். "இங்க சேர்ல உக்காந்துக்கிட்டே அந்தப் பக்கம் தெப்பம் நிக்கிறத, தண்ணி மட்டத்த, எல்லாத்தையும் பாத்துக்கிறலாங்கய்யா" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

"பாக்குறதுக்குத்தாங்கய்யா" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, உன் ஆசையக் கெடுப்பானேன்" என்றார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் முகத்தைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

தெப்பத்துக்கு முதல் நாள் டிவியைப் போர்வையில் சுற்றி, புதுப்பெண்ணைக் கூட்டிப்போவது மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நண்பர் கேமராவைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். "இது தண்ணியில விழுந்துச்சுன்னா நானும் கூடவே குதிச்சிருவேன், சொல்லிட்டேன்" என்று மேலூர் வரைக்கும் நாலு தடவை சொன்னார். அன்று பொழுது சாய்வதற்குள் வடகரை வழியாகக் கேபிளை இழுத்தோம். போதாத இடத்தில் ஆன்டெனா ஒயரை வெட்டி ஒட்டினேன். ஆடு கடித்த ஓர் இடத்தில் இரண்டாம் முறையும் ஒட்டினேன். டிவியைப் போட்டால் முதலில் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. பிறகு மழைக்குள்ளிருந்து மேலக்கரைப் படிகள் தெரிந்தன. அந்த வருஷம் தண்ணீர் குறைவு. வழக்கமாக மூழ்கியிருக்கும் இரண்டு படிகள் வெளியே காய்ந்து கிடந்தன. பக்கத்தில் கூடியிருந்தவர்களிடம், "பாத்தீகளா? தண்ணி நிலவரம், உக்காந்த எடத்துல" என்று பெருமை அடித்துக்கொண்டேன். ஒருவர் தலையைத் திருப்பி எங்கள் கரைப் படிகளைப் பார்த்துவிட்டு, "இங்கயும் அதே ரெண்டு படிதானே தெரியுது. கொளம் ஒன்னுதானப்பா" என்றார். அவருக்கு விஞ்ஞானம் புரியவில்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை வெயிலில் டிவியில் ஒன்றுமே தெரியவில்லை. அதனால் பந்தல் மூலையில் கறுப்புக் கம்பளியைக் கூடாரம் மாதிரி கட்டி டிவியை உள்ளே வைத்தேன். உள்ளே நாலு பேருக்கு மேல் நிற்க முடியாது. அம்பலகாரருக்கு ஒரு நாற்காலி. நான் மைக்கோடு பக்கத்தில். கம்பளிக்கு வெளியே ஜனம் முண்டியடித்தது. அந்த நேரத்தில் என் தங்கை தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாளுதான் இருக்கு. இன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிருண்ணே" என்றாள்.

"பொறு ஆத்தா, சுத்து முடியட்டும், நானே கூப்புட்டுப் பேசுறேன்" என்றேன். சட்டைப்பையில் மன்னிப்புத் தாள் இருந்தது. பிள்ளை என்னை யாரோ போலப் பார்த்தது. கையை நீட்டினேன், வரவில்லை. தாயின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டது. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உடனே மைக்கில் எதையாவது பேசி அதை மறந்தேன்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில் தெப்பம் மண்டபத்துக்குப் பின்னால் போயிற்று. டிவியில் அலங்காரத்தின் உச்சி தெரிந்தது, வடம் தெரிந்தது, வடத்தைப் பிடித்த முப்பது நாற்பது பேர் தெரிந்தார்கள். யாரும் வெற்றிலை போடவில்லை. எல்லோரும் உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை மண்ணில் குத்தி, உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெப்பம் அசையவில்லை. மண்டபத்துக்கு நேர் பின்னால், மேலக்கரையில், மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் குளத்துக்குள் விழுகிறது. வருஷா வருஷம் அது கொண்டுவந்து கொட்டிய வண்டல் அங்கே மேடாகிக் கிடந்தது. தெப்பம் அதில் ஏறித் தரைதட்டியிருந்தது. இது எங்கள் கரையிலிருந்து தெரிய வழியே இல்லை. தூக்கம் இல்லை, சோம்பல் இல்லை, சகதி.

அப்போது மாப்பிள்ளை வடத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். துண்டை இடுப்பில் இறுக்கினார். ஒரு தடவை நிமிர்ந்து நேரே கேமராவைப் பார்த்தார். அதாவது, டிவிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். அந்தப் படம் எங்கே தெரியும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், முதல் நாளே நான்தான் மைக்கில் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேனே. பார்த்துவிட்டு, அம்மனைச் சகதியில் விட முடியாது என்பது போலப் படியில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. தெப்பத்தின் சட்டத்துக்குக் கீழே தோளைக் கொடுத்து நெம்ப ஆரம்பித்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஏன் பதில் பேசவில்லை என்பது அந்த நிமிஷம் புரிந்தது. நான் எட்டுக் குழாயில் கேலி பேசிக்கொண்டிருந்தபோது அவர் கழுத்தளவு தண்ணீரில் அம்மனைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அதை வெளியே சொன்னால் அவர் ஊருக்கு வடம் போய்விடும். அதனால் சோம்பேறி என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவுக்கும் நான் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மேலக்கரையில் கேமராவோடு நின்ற என் நண்பர் கல்யாண வீடியோக்காரர் என்று சொன்னேன் அல்லவா? தாலி கட்டும்போது பெண்ணின் கண்ணீரை நெருக்கத்தில் காட்டிப் பழகியவர். யாராவது உணர்ச்சிவசப்பட்டால் அவர் விரல் தானாக ஜூம் பொத்தானுக்குப் போய்விடும். இப்போதும் போயிற்று. தெப்பம் மறைந்தது, குளம் மறைந்தது, தண்ணீருக்கு மேலே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையின் முகம் டிவி முழுக்க நிறைந்தது. யார் என்று அடையாளம் தெரியாமல் இருக்க ஒரு வழியும் இல்லை.

தங்கை, "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை டிவியைத் தொடப் பாய்ந்து, "எங்கப்பா! தண்ணிக்குள்ள எங்கப்பா!" என்று கத்தியது. மைக் என் கையில் இருந்தது. எட்டுக் குழாயிலும் அது போயிற்று. கம்பளிக்கு வெளியே, "என்னப்பா? யாரு தண்ணிக்குள்ள?" என்று சத்தம். ஒரு கை கம்பளியை விலக்க வந்தது.

நான் குனிந்து டிவியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தேன். "கேமராவுல கோளாறு ஆகிப்போச்சு. படம் இனி வராது. பிள்ளை ஏதோ நிழலப் பாத்துட்டு அப்பாங்குது. மேலக்கரையில எல்லாம் ஒழுங்கா வடத்தத்தான் இழுக்குறாக." இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் போனதற்காக வாழ்க்கையில் நான் சந்தோஷப்படுவது அந்த ஒரு தடவைக்குத்தான். "ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே மைக்குல மேலக்கரைக்காரங்களப் பேசினேன். எங்க மாப்ளயப் பேசினேன். பேசினது தப்பு. நான் ஒன்னும் தெரியாம வாய் இருக்குன்னு பேசிட்டேன். என்னைய மன்னிச்சுக்கங்க" என்றேன். எழுதி வைத்த தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை. மைக்கைக் குழாய்க்கு நேராகப் பிடித்துவிட்டேன் போல, கடைசி வார்த்தையில் எட்டுக் குழாயும் ஊளையிட்டன. பந்தலே காதைப் பொத்தியது.

சிரிப்புச் சத்தம் கேட்டது. "மிசினு புட்டுக்கிச்சுடோய்!" என்று எவனோ கத்தினான். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் வடமேற்கு மூலையில் சிவப்புத் துண்டு ஆடியது. தெப்பம் மண்டபத்துக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்தது. ஜனங்கள் என்னை விட்டுவிட்டு அம்மனைக் கும்பிட்டார்கள்.

அம்பலகாரர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் எல்லாவற்றையும் பார்த்தவர். என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

"படம் போயிருச்சா?" என்றார்.

"ஆமாங்கய்யா. பழுது."

"நல்லதாப் போச்சு. மூணாவது சுத்துக்கும் அது பழுதாவே இருக்கட்டும்." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எம்புட்டுக் காலமா தெப்பம் அங்கன தட்டுது, எம்புட்டுக் காலமா அது தானா நகந்து வருது. நாலு கரையிலயும் பெரியாளுக எல்லாரும் அந்நேரம் வேற பக்கம் பாத்துக்கிட்டு நிப்போம். உனக்கு மட்டுந்தான் பாத்தே ஆகணும்னு வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, அத்தனை பெரியவர்களுக்கும் தெரியும். துண்டு ஆட்டுகிறவருக்குத் தெரியும். தங்கைக்குத் தெரியும், சொல்ல முடியாமல்தான் ஒரு வார்த்தை சொல்லு, ஒரு வார்த்தை சொல்லு என்று கெஞ்சியிருக்கிறாள். தெப்பத்தை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியாது.

மூன்றாவது சுற்றும் முடிந்து அம்மனை இறக்கிய பிறகு மாப்பிள்ளை வடகரை வழியாக நடந்து வந்தார். வேறு வேட்டி கட்டியிருந்தார். காது மடலுக்குப் பின்னால் மட்டும் சகதி காயாமல் இருந்தது. பந்தலுக்குள் வந்து கம்பளியை விலக்கினார். இருட்டான டிவியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒரு கையில் மைக்கும் இன்னொரு கையில் அந்தப் பிளக்குமாக அத்தனை நேரமும் நின்றிருக்கிறேன்.

"கோளாறா மச்சான்?" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஆமா மாப்ள" என்றேன். மேலே என்னவெல்லாமோ சொல்ல நினைத்தேன். எனக்கு அழுகைதான் வந்தது. மைக் செட்காரன், ஊர்ப் பந்தலில், வாயைத் திறக்க முடியாமல் நின்றேன்.

அவர் தங்கையின் இடுப்பிலிருந்து மகளை வாங்கினார். "குழாயில புள்ள சத்தம் கேட்டுச்சு. அதக் கேட்டதும் ஒரு தள்ளு கூடத் தள்ளிட்டேன்" என்றார். பிறகு, நான் பிளக்கைக் கீழே போடுவதற்குக்கூடப் பொறுக்காமல், பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளனா வந்துருங்க. ஊசியப் பாத்தா ரொம்ப முண்டுவா" என்றார். "நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கங்க."